சிலிக்கான் கூடினால் இழப்பு குறைகிறது, கரண்ட் ஏன் ஏறுகிறது?

கேள்வி: நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாருக்கு இதுவரை எம்700-50ஏ என்ற ரக மின்எஃகுத் தகடு போட்டோம். இப்போது அதே டையில் (வெட்டும் அச்சில்), சிலிக்கான் அதிகமுள்ள எம்270-50ஏ ரகத்தை வெட்டிப் போட்டோம். அயர்ன் லாஸ் (இரும்பில் சூடாக வீணாகும் சக்தி) குறைந்தது, ஆனால் நோ-லோடு கரண்ட் (பளு இல்லாமல் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டம்) கூடிவிட்டது. வந்தது தரமில்லாத தகடா?

பதில்: தகட்டின் மேல் குற்றமில்லை. சந்தேகம் தீர எடை போட்டுப் பாருங்கள். ஒரு கன செ.மீ.க்கு எம்700-இன் அடர்த்தி 7.80 கிராம், எம்270-இன் அடர்த்தி 7.60 கிராம். அதே நீளத்துக்கு அடுக்கினால் புதிய அடுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் இலகுவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், சிலிக்கான் சேர்ந்த தகடுதான் வந்திருக்கிறது.

குறியீட்டில் உள்ள 270 என்பது 1.5 டெஸ்லா (காந்தச் செறிவின் அலகு), 50 ஹெர்ட்சில் கிலோவுக்கு 2.70 வாட் இழப்பு வரம்பு. 50 என்பது 0.50 மி.மீ. தடிமன். இந்தக் குறைந்த இழப்புக்கு முதல் காரணம் தன்மின்தடை, அதாவது மின்சாரத்தைத் தடுக்கும் உலோகத்தின் இயல்பு. தூய இரும்பில் அது சுமார் 10 மைக்ரோ ஓம் செ.மீ. ஒரு சதவீத சிலிக்கான் அதோடு 11 அல்லது 12-ஐக் கூட்டும். 3 சதவீதம் போட்டால் சுமார் 45 ஆகும், தகட்டுக்குள் சுற்றி வீணாகும் சுழல் மின்னோட்டம் அந்த அளவுக்கு அடங்கும்.

ஆனால் சிலிக்கான் அணுவுக்குக் காந்தத் திருப்புத்திறன் கிடையாது. இரும்பின் இடத்தில் அது உட்கார உட்கார, தெவிட்டு நிலை (அதற்கு மேல் காந்தம் ஏறாத எல்லை) இறங்கும்: தூய இரும்பில் சுமார் 2.15 டெஸ்லா, 3 சதவீதத்தில் சுமார் 2.03. உங்களைப் பாதிப்பது இதுதான். 5000 ஆம்பியர்/மீட்டர் காந்தப்புலத்தில் எம்700-க்குக் குறைந்தபட்ச உறுதி 1.69 டெஸ்லா, எம்270-க்கு 1.60. பழைய டையின் பற்கள் 1.7 டெஸ்லாவுக்கு அருகே ஓடக் கணக்கிடப்பட்டவை என்றால், அதே ஃப்ளக்ஸைத் (காந்த ஓட்டத்தை) தள்ள இப்போது கூடுதல் ஆம்பியர்-சுற்று (கரண்ட் பெருக்கல் சுற்று எண்ணிக்கை) வேண்டும். அதுதான் நோ-லோடு கரண்டாகத் தெரிகிறது. கரண்டின் வர்க்கத்தில் காப்பர் லாஸ் (செம்புச் சுருளில் வீணாகும் சக்தி) ஏறுவதால், இரும்பில் மிச்சப்பட்டதைச் செம்பு விழுங்கிவிடவும் கூடும்.

வெட்டும்போதும் ஒரு சேதம் உண்டு. சிலிக்கான் தகட்டைக் கடினமாக்கும், பஞ்ச் சீக்கிரம் மழுங்கும், பிசிர் எழும். வெட்டு விளிம்பில் உலோகம் நசுங்கி அங்கே காந்தம் ஏறுவது கடினமாகும். பல் எவ்வளவு குறுகலோ அவ்வளவு பங்கு கெட்டுப்போகும். வெட்டிய லாமினேஷனை (தகட்டுத் துண்டை) நைட்ரஜனில் சுமார் 750 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் அனீல் செய்து (சூடேற்றிப் பதப்படுத்தி) மெல்ல ஆறவிட்டால் இதில் பெரும்பகுதி மீளும். தகட்டின் காப்புப்பூச்சு அந்தச் சூட்டைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். பஞ்ச் எண்ணெயைத் துடைக்காமல் உலையில் வைக்கவே கூடாது. அதன் கார்பன் எஃகுக்குள் போய்விடும்.

கார்பன்தான் உண்மையான எதிரி. 0.003 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஓடும் சூட்டில் மெல்ல மெல்லக் கார்பைடாகப் பிரிந்து காந்தச் சுவர்களை (இரும்புக்குள் காந்தத் திசை மாறும் எல்லைகளை) நகரவிடாமல் பிடித்து நிறுத்தும். புதிதில் நன்றாக இருந்த மோட்டார் மாதங்கள் கழித்துச் சூடாவதற்கு இது ஒரு காரணம். மாதிரியை 225 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் இழப்பை அளந்தால் தெரிந்துவிடும். கந்தகமும் டைட்டானியமும் நுண்துகளாகி இதே வேலையைச் செய்யும்.

தகட்டில் சேர்க்கும் மற்றவற்றில், அலுமினியம் தன்மின்தடையைக் கூட்டுவதில் ஏறத்தாழ சிலிக்கானுக்குச் சமம், தகட்டை அவ்வளவு நொறுங்க வைக்காது. மாங்கனீசு அதில் பாதிதான், ஆனால் கந்தகத்தைப் பெரிய துகளாகத் திரட்டிவிடும். மிகச் சிறிதளவு வெள்ளீயமோ ஆன்டிமனியோ படிகங்கள் அமையும் திசையைச் சீர்படுத்தும்.

உங்களுக்கு என் முதல் யோசனை எம்400-50ஏ: 5000 ஆம்பியர்/மீட்டரில் 1.63 டெஸ்லா. எம்270-ஐ விட மனமில்லை என்றால் பல்லை அகலப்படுத்துங்கள் அல்லது அடுக்கை 5 சதவீதம் நீட்டுங்கள். சுற்றுகளை 5 சதவீதம் கூட்டினாலும் ஃப்ளக்ஸ் இறங்கும். ஆனால் உச்ச டார்க்கில் (மோட்டார் தரக்கூடிய அதிகபட்சச் சுழற்று விசையில்) ஏறத்தாழ 10 சதவீதம் போகும். பளு ஏற்றித் தொடங்கும் மோட்டாருக்கு அது ஆகாது.