டிவியில் ஓடும் கல்யாண வீடியோ ஹோம் தியேட்டரில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: 2010-இல் வாங்கிய 5.1 டிவிடி ஹோம் தியேட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. பென் டிரைவில் போட்ட எம்பி3 பாட்டெல்லாம் நன்றாகப் பாடுகிறது. மகள் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் எம்பி4 ஆகப் பென் டிரைவில் கொடுத்தார், அது ஓடவில்லை. கம்ப்யூட்டரில் டிவிடியில் எழுதிப் போட்டாலும் 'நாட் சப்போர்ட்டட்' என்கிறது. புது டிவியில் செருகினால் ஓடுகிறது, ஆனால் வேறு சில படங்களுக்கு அங்கே சத்தமே வருவதில்லை. தம்பி சிங்கப்பூரில் வாங்கி வந்த டிவிடி 'ராங் ரீஜன்' காட்டுகிறது. செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் செட்டில் காலாவதியானது பிளேயர் பகுதி மட்டும்தான். அதன் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் நல்ல நிலையில் இருந்தால், மெலிந்த டிவிக்குள் அடங்கும் குட்டி ஸ்பீக்கர்களைவிட அவை எவ்வளவோ மேல். நீங்கள் சொன்ன கோளாறுகள் பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் கல்யாண வீடியோ. எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் அஞ்சறைப் பெட்டி மாதிரி. ஓர் அறையில் படம், இன்னொன்றில் ஒலி, மற்றொன்றில் சப்டைட்டில். மூடியைப் பார்த்து உள்ளே இருப்பது சீரகமா சோம்பா என்று சொல்ல முடியாது. உள்ளே படத்தையும் ஒலியையும் எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பிளேயருக்கு முக்கியம். அந்தக் காலத்து டிவிடி செட்களின் சிப்புக்குத் தெரிந்தது எம்பெக்-1, எம்பெக்-2, மிஞ்சினால் டிவ்எக்ஸ், எக்ஸ்விட். அதுவும் பெரும்பாலும் 720-க்கு 576 புள்ளி அளவு வரைதான். இன்று ஸ்டுடியோக்கள் கொடுப்பது 2003-இல் வந்த எச்.264 அல்லது 2013-இல் வந்த எச்.265. அளவோ 1920-க்கு 1080, சில இடங்களில் 4கே. சிப்பிலேயே இல்லாத வேலையை மென்பொருள் அப்டேட் கொண்டு வந்து சேர்க்காது. கோப்பின் பெயரில் எம்பி4 என்பதை அழித்துவிட்டு ஏவிஐ என்று எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே எதுவும் மாறாததால் அதற்கும் பலனில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைச் சொடுக்குங்கள். வீடியோ, ஆடியோ இரண்டின் கோடெக்கும் தனித்தனியாக வரும். ஆடியோ இடத்தில் 'ஏ52' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி3. விஎல்சியில் ஓடுகிறதே, செட்டிலும் ஓட வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். விஎல்சி கிட்டத்தட்ட எல்லாக் கோடெக்கையும் தனக்குள் வைத்திருக்கிறது. அதில் ஓடினால் கோப்பு பழுதில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

டிவிடியில் எழுதியும் ஓடாததற்குக் காரணம் எழுதிய விதம். எம்பி4 கோப்பை அப்படியே இழுத்து டிவிடியில் போட்டால் அது டேட்டா டிஸ்க்தான், வீடியோ டிவிடி ஆகாது. கடையில் வாங்கிய சினிமா டிவிடியைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரும் அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ என்று முடியும் கோப்புகளும் இருக்கும். டிவிடி பிளேயர் தேடுவது அந்த அமைப்பை, அதற்குள் எம்பெக்-2 வீடியோவை. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள் உங்கள் எம்பி4-ஐ அப்படி மாற்றித் தரும். எழுதி முடித்ததும் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்தாக வேண்டும், அதாவது இனி எழுத ஒன்றுமில்லை என்று மூட வேண்டும். அதை விட்டுவிட்டால் எழுதிய கம்ப்யூட்டரில் ஓடும், செட்டில் ஓடாது. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கைத் தவிருங்கள். அது லேசர் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும், தேய்ந்துபோன பழைய லேசருக்கு அதைப் படிப்பது சிரமம்.

ஆனால் இந்த மாற்றத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. 1920-க்கு 1080 என்ற படத்தை 720-க்கு 576 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகள்தான் மிஞ்சும். முகூர்த்தப் புடவையின் ஜரிகையும், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற பாட்டியின் முகமும் மங்கிப் போகும். டிவிடி கேட்கிற உறவினருக்கு ஒரு பிரதி எழுதிக் கொடுங்கள், அதோடு சரி. நீங்கள் பார்ப்பது அசல் கோப்பாகவே இருக்கட்டும். அந்த அசலை எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள்.

பென் டிரைவிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய செட்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ 11 நிமிடத்திலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் 'கோப்பு பெரிதாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் காப்பி செய்ய மறுப்பது இதனால்தான். ஆகவே இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டில் பாட்டுக் கேட்க 32 ஜிபிக்குள் ஒன்று, ஃபேட்32-இல். டிவிக்குப் பெரியதாக ஒன்று, அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், முதலில் காப்பி எடுத்துக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

டிவியில் படம் ஓடிச் சத்தம் வராத கோப்புகளில் ஒலி அநேகமாக டிடிஎஸ்-இல் இருக்கும், டால்பி போல அது இன்னொரு ஒலிக் கோடெக். சாம்சங் தன் டிவிகளில் 2018 மாடல்களில் இருந்து டிடிஎஸ்-ஐ விரித்து ஒலியாக்கும் டிகோடரை நீக்கிவிட்டது. வேறு நிறுவனங்களின் பல மாடல்களிலும் அது கிடையாது. டிவியைப் பழுது பார்க்க ஆள் கூப்பிட வேண்டாம். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோவுக்கு 'காப்பி', ஆடியோவுக்கு 'ஏசி3', வெளியீட்டுக்கு எம்கேவி என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றுவதால் படத்தின் தரம் கொஞ்சமும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

சிங்கப்பூர் டிவிடி விஷயம் கோடெக்கைச் சேர்ந்ததே அல்ல, அது வியாபாரப் பூட்டு. உலகைப் பல ரீஜன்களாகப் பிரித்து, ஒரு ரீஜனின் டிஸ்க் இன்னொன்றின் பிளேயரில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. உறையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் அந்த எண் அச்சாகியிருக்கும். 'ஆல்' என்று போட்டிருந்தால் எங்கும் ஓடும். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான்; கடைசியாக வைத்த எண்ணிலேயே அது நின்றுவிடும். ஒரு டிஸ்க்குக்காக அதைச் செலவழிக்காதீர்கள். தம்பி அடுத்த முறை வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்கட்டும். ப்ளூ-ரே டிஸ்க்கும் வேண்டாம். உங்கள் செட்டின் சிவப்பு லேசரால் அதைப் படிக்கவே முடியாது.

இனி டிவியே பிளேயராகவும், பழைய செட் அதற்கு ஒலிபெருக்கியாகவும் இருக்கட்டும். செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ சாக்கெட்டின் மேல் 'ஏஆர்சி' (டிவியின் ஒலியைச் செட்டுக்குள் வாங்கும் வசதி) என்று எழுதியிருந்தால், டிவியிலும் அதே எழுத்துள்ள சாக்கெட்டில் இணைத்தால் ஒரே கேபிளில் வேலை முடிந்தது. வெறும் எச்டிஎம்ஐ அவுட் என்றால் டிவியின் ஒலி அதன் வழியாகச் செட்டுக்குள் வராது. அப்போது 'ஆப்டிகல் இன்' இருக்கிறதா என்று தேடுங்கள். சிறு சதுரமான துளை அது, கேபிள் விலை அதிகமில்லை. இந்த இரண்டு வழியிலும் டால்பி டிஜிட்டல் 5.1 போகும். இணைத்த பிறகு டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். சத்தம் வராவிட்டால் 'பிசிஎம்', அதில் ஸ்டீரியோ மட்டும் கிடைக்கும். சிவப்பு, வெள்ளை 'ஆக்ஸ்' சாக்கெட் மட்டும்தான் இருக்கிறதென்றால் டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் போடலாம். அதுவும் ஸ்டீரியோதான், இருந்தாலும் டிவி ஸ்பீக்கரைவிட நாகஸ்வரமும் தவிலும் நன்றாகவே கேட்கும்.