வெள்ளம் அரித்த நெடுஞ்சாலையைத் திரும்பக் கட்டுவது: கேள்வி பதில்

சிங்கப்பூரில் சாலை, வடிகால் பணிகளில் இருக்கும் மண்ணியல் பொறியாளர் நான். மழை வெள்ளமும் சாலையும் பற்றி நம் குழுவினர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஈசூன் வாசகர்: எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், தண்ணீர் ஏறும்போது தாக்குப்பிடித்த சாலை, வடியும்போது சரிந்தது. ஏன் சார்?

அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. சாலையைத் தாங்கும் எந்த மண்கரைக்கும் அது சோதனைதான். தண்ணீர் உயர்ந்து நிற்கும்வரை அது கரையை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. மளமளவென்று வடிந்தால் அந்தப் பிடி போய்விடும். கரைக்குள் ஊறிய நீரோ அவ்வளவு வேகத்தில் வெளியேறாது. உள்ளிருந்து தள்ளும் நீரழுத்தத்தில் சரிவு பெயர்ந்து விழுகிறது.

சாலைக்கு மேலேயே வெள்ளம் பாய்ந்தால் கதை வேறு. தண்ணீர் வந்த பக்கம் அப்படியே இருக்கும். அது குதித்து இறங்கும் மறுபக்கம்தான் முதலில் அரிபடும். மண் போனபின் தார் மட்டும் பலகைபோல அந்தரத்தில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் சாலை முழுசாகத் தெரியும். அதை நம்பி யாரும் ஏறிவிடக் கூடாது.

ஜூரோங் வாசகர்: அப்படியானால் அடுத்த முறை தாரைக் கனமாகப் போட்டால் போதுமா?

போதாது தம்பி. தார் வண்டியைத் தாங்கத்தான். வெள்ளத்தைத் தாங்குவது கீழே இருப்பவை. நான் முதலில் பார்ப்பது கல்வெர்ட்டை, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோகும் வழியை. பழைய மழைக்கணக்கில் போட்ட குழாயையே அதே அளவில் திரும்பப் பதித்தால், அதே இடம் மறுபடியும் உடையும். வெள்ளத்தில் மரமும் குப்பையும் சேர்ந்து வரும். சின்னக் குழாய்கள் நாலைந்தை வரிசையாக வைப்பதைவிட அகலமான ஒரு பெட்டிக் கல்வெர்ட் அடைபடாமல் நிற்கும்.

அப்புறம் கரையின் அடி. பாறைக்கல்லை ஆற்றோரத்தில் சும்மா கொட்டிவிட்டு வருவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வெள்ளம் எவ்வளவு ஆழம் தோண்டும் என்று கணக்கிட்டு, அதற்கும் கீழே அடிவரிசையைப் பதிக்க வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். இல்லையென்றால் கல்லிடுக்கு வழியாக மண் கசிந்துபோய், வெளியே கல் அசையாமல் இருக்கும்போதே உள்ளே குழி விழும். தண்ணீர் எப்படியும் ஏறும் என்கிற தாழ்வான இடத்தில், மறுபக்கச் சரிவையும் கான்கிரீட்டாலோ கல்லாலோ மூடிவிடலாம். வெள்ளம் மேலே ஓடினாலும் சாலை மிஞ்சும்.

பொங்கோல் வாசகர்: அமெரிக்காவில் ஐ-40 நெடுஞ்சாலையைச் சரிசெய்ய ஏன் இவ்வளவு காலம்?

2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி வந்தபோது, வட கரோலைனாவில் பிஜன் ஆறு அந்தச் சாலையின் ஆற்றுப் பக்கத்தை அடியோடு தின்றுவிட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, சாலையை நகர்த்த இடமில்லை. சரிவுக்குள் துளைபோட்டு, இரும்புக் கம்பி செருகி, சிமென்ட் கலவை நிரப்பி மிச்ச மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். 2025 மார்ச் 1ஆம் தேதி போக ஒன்று, வர ஒன்று என இரு தடங்களைத் திறந்தார்கள். அது தற்காலிகம்தான். ஆற்றுமட்டத்திலிருந்து தாங்குசுவரை எழுப்புவதுதான் முழு வேலை, அதில் அவசரப்படக் கூடாது.

தெம்பனிஸ் வாசகர்: நம் ஊரில் செய்வதுபோல் சாலையை உயர்த்திவிடலாமே?

உயர்த்தலாம். சாங்கியில் நிக்கல் டிரைவின் ஒரு பகுதியைக் கடல்மட்ட உயர்வை நினைத்து 2016இல் 0.8 மீட்டர்வரை உயர்த்தினார்கள். ஆனால் ஊருக்கு நடுவே உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்துக் கடைக்குத்தான் போகும். 2010 ஜூன் வெள்ளத்துக்குப் பிறகு ஆர்ச்சர்ட் சாலையை 1.4 கி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 30 செ.மீ. உயர்த்தினார்கள். அதோடு நிற்காமல், மேட்டுப் பக்கத்தில் 38,000 கனமீட்டர் நீரைப் பிடித்துவைக்கும் ஸ்டாம்ஃபர்ட் தேக்கத் தொட்டியையும், சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிடும் 2 கி.மீ. கால்வாயையும் கட்டி 2018இல் முடித்தார்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டும்தான் சாலை உயர்வைவிடப் பெரிய வேலை.

டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர்: எவ்வளவு தண்ணீர்வரை வண்டியை இறக்கலாம்?

இறக்காதீர்கள் அண்ணே. ஓடும் நீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய கார் மிதக்கலாம், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: என் அண்ணன் ஊரில் ஒப்பந்தப் பொறியாளர். புதுச் சாலை போட்டு ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது. இப்போது எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

அடுத்த மழைக்கு முன் கல்வெர்ட் வாயில் அடைந்த குப்பையையும் மணலையும் எடுக்கச் சொல்லுங்கள். சாலை ஓரத்துக்கு இணையாக நீளவாக்கில் விரிசல் ஓடினால், தார் ஊற்றி மூடிவிட்டுப் போகாமல் சரிவு நகர்கிறதா என்று அளக்க வேண்டும். மழை நின்றபின் தாங்குசுவரில் உள்நீர் வெளியேற விட்டிருக்கும் வடிதுளைகளைப் பார்க்கட்டும். தெளிந்த நீர் வந்தால் சரி. கலங்கி வந்தால் உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் கனரக லாரிகள் போவதை உடனே தடுத்துவிட்டுத் தோண்டிப் பார்க்க வேண்டும்.