வாசகர் கேள்வி - பதில்: ஒஸ்லோவில ரெண்டு பேர், அளவான காசு, மூண்டு நேரச் சாப்பாடு

கேள்வி (ஒரு வாசகி, கொக்குவில்): நானும் அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வாற ஆனி மாசம் ஒஸ்லோவுக்குப் போறம். பெறாமகள் வீட்டில 4 நாள், பிறகு 5 நாள் ஹோட்டல்ல நிக்கிறதா பிளான். அவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேணும். ரெண்டு பேரும் மாட்டிறைச்சி தொடமாட்டம். அங்க கடையில ஒரு நேரச் சாப்பாடு 8,000 ரூபா எண்டு எல்லாரும் பயமுறுத்தினம். உண்மையோ? நாங்கள் எப்பிடிச் சமாளிக்கிறது?

பதில்: ரீச்சர், உங்களுக்குச் சொன்ன ஆக்கள் கூட்டிச் சொல்லேல்லை. சாதாரண ரெஸ்ரோரன்ட் ஒண்டில இருந்து சாப்பிட்டா ஒரு ஆளுக்கு 200 குரோனருக்குக் குறைவா வாறது கஷ்டம், கனக்க இடத்தில 250, 300 எண்டு போகும், ஒரு குரோனர் எங்கட காசுக்குக் கிட்டத்தட்ட 30 ரூபா எண்டு வச்சா கணக்கு உங்களுக்கே விளங்கும். நானும் அண்ணாவைப் பாக்கப் போன முதல் நாள் கடற்கரைப் பக்கம் ஒரு கடையில ரெண்டு கோப்பியும் ரெண்டு சாண்ட்விச்சும் வாங்கி 380 குரோனர் குடுத்தனான், அண்டைக்கு இரவு முழுக்க அதையே ரூபாவில பெருக்கிப் பெருக்கிப் பாத்துக்கொண்டு படுத்திருந்தன், அடுத்த நாள் மத்தியானம் ஒண்டும் சாப்பிடாமல் சுத்தித் தலைச்சுத்து வந்ததுதான் மிச்சம். அந்தப் பிழையை நீங்கள் விடாதேங்கோ, அதுவும் சீனி வருத்தக்காரரைப் பக்கத்தில வச்சுக்கொண்டு.

விஷயம் என்னெண்டா, அந்த விலைக்கு ஒஸ்லோ சனமே ஒவ்வொரு நாளும் கடையில சாப்பிடுறேல்லை. மத்தியானம் 11, 11.30 ஆனா வேலை செய்யிற ஆக்கள், பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாரும் வீட்டில இருந்து கொண்டு வந்த பாண் பக்கெற்றைத்தான் திறப்பினம். அதுக்கு மாத்பாக்க எண்டு பேர். நல்ல உத்தியோகத்தில இருக்கிற ஆளும் அதைத்தான் சாப்பிடுறார், அதில ஒரு வெக்கமும் இல்லை. நீங்களும் மத்தியானத்துக்கு அதைச் செய்தீங்கள் எண்டா உங்கட பிரச்சனையில பாதி அங்கேயே முடிஞ்சுது.

எப்பிடியெண்டு சொல்லுறன். றேமா 1000, கிவி, கூப் எக்ஸ்ட்ரா, இந்த மூண்டு பேரையும் ஞாபகம் வச்சிருங்கோ, விலை குறைஞ்ச சுப்பர்மார்க்கெற் இதுகள்தான், ஒஸ்லோவில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்டு நிக்கும். நார்வேசன், செவன் இலெவன் மாதிரிச் சின்னக் கடையள் அவசரத்துக்கு மட்டும், அங்க அதே சாமானுக்குக் கூட விலை. உள்ள போனா பாண் அடுக்கியிருக்கிற இடத்தில கனக்கப் பக்கெற்றில ஒரு வட்டம் கீறியிருக்கும், அந்த வட்டம் நாலாப் பிரிச்சிருக்கும். ஒரு கால் மட்டும் நிறம் அடிச்சிருந்தா அது எங்கட வெள்ளைப் பாண் மாதிரி, நாலு காலும் அடிச்சிருந்தா 75 வீதத்துக்கு மேல தவிட்டோட இருக்கிற முழுத்தானிய மா, எக்ஸ்த்ரா குறூவ் எண்டு எழுதியிருக்கும். உங்கட சேருக்கு அந்த நாலு கால் பாணைத்தான் வாங்கோணும். பக்கத்தில ஒரு மிசின் நிக்கும், வெட்டாத முழுப் பாணை அதுக்குள்ள வச்சு மூடியைச் சாத்திப் பொத்தானை அமத்தினா, கடகடவெண்டு ஒரே அளவாத் துண்டு துண்டா வெட்டித் தரும், அதுக்குக் காசில்லை. முதல் நாள் நான் மூடியைச் சரியாச் சாத்தாமல் அமத்திக்கொண்டு நிக்க, பின்னால நிண்ட ஒரு வயசுபோன அம்மா ஒண்டும் சொல்லாமல் கையை நீட்டி மூடியை இறுக்கிவிட்டிட்டுப் போனவ.

பாணுக்குள்ள வைக்க அவிச்ச முட்டை, சீஸ், வெள்ளரிக்காய், அதோட தக்காளிக்குள்ள போட்ட மக்கரல் மீன், மக்ரெல் ஈ தொமாத் எண்டு ரின்னில இருக்கும், அங்கத்தைச் சனம் பாணில பூசிச் சாப்பிடுற சாமான், எங்களுக்கு அது நல்ல பழக்கமான ரின்மீன்தான். நாங்கள் ஊரில இருந்து கொண்டுபோன இடிச்ச மிளகாய்த்தூள் ஒரு நுள்ளுப் போட்டுச் சாப்பிட்டம், சொல்லி வேலையில்லை. பிரவுண் நிறத்தில ஒரு சீஸ் இருக்கு, ப்ரூனோஸ்த், இனிப்பா இருக்கும், ஒரு துண்டு ருசி பாருங்கோ, சேருக்குக் கனக்க வேண்டாம். பாண் துண்டுக்கு இடையில வைக்கிற மெல்லிய பேப்பர் சின்னக் கட்டா விக்கும், அதையும் ஒண்டு வாங்குங்கோ, பிறகு நாள் முழுக்க பையுக்குள்ள கிடந்தாலும் ஒண்டோட ஒண்டு ஒட்டாது. தண்ணிப் போத்தில் வாங்கவே வேண்டாம், பைப் தண்ணி நல்ல தண்ணி, நகரத்துக்கு மேல காட்டுக்குள்ள இருக்கிற ஒரு ஏரியில இருந்து வருது, கடையில இருந்து சாப்பிட்டாலும் பைப் தண்ணி கேட்டா பொதுவாச் சும்மா தருவினம்.

ஹோட்டல் புக் பண்ணேக்க காலமைச் சாப்பாடு சேத்திருக்கோ எண்டு பாத்து எடுங்கோ, ஸ்கண்டிநேவியாவில கனக்க ஹோட்டல்ல அது வாடகைக்குள்ள வரும், மீன், முட்டை, பழம், தயிர், பாண் எண்டு வயிறு நிறையச் சாப்பிடலாம். அறைக் காசு ஒரு 100 குரோனர் கூடினாலும் அதுதான் லாபம்.

இனி சூடாச் சாப்பிட. நோர்வேக்காரர் பின்னேரம் 4, 5 மணிக்கே முக்கியமான சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிச்சிடுவினம், நீங்களும் அந்த நேரத்துக்குச் சாப்பிட்டா சேருக்கும் நல்லது. ஒஸ்லோ சென்ரல் ஸ்ரேசனில இறங்கி பின்பக்கமா 10 நிமிசம் நடந்தா குரோன்லாண்ட் எண்ட இடம் வரும், ரி-பான எண்ட நகர மெற்றோ ரயில்ல வந்தா அதே பேரில ஒரு ஸ்ரேசன். 1970ஆம் ஆண்டுகளை ஒட்டி வேலைக்கு வந்த பாகிஸ்தான் ஆக்கள் கனபேர் கடை வச்ச பகுதி, அதுக்குப் பிறகு சோமாலியா, துருக்கி, வியட்நாம் எண்டு எல்லாச் சனமும் வந்திட்டினம். வாசல்ல மரக்கறி, மல்லித்தழை, பச்சை மிளகாய் எல்லாம் பெட்டி பெட்டியா வச்சிருப்பினம், அதைக் கண்ட உடன எனக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு ஆறுதல் வந்தது. ரொட்டி, பருப்பு, கோழிக்கறி, சோறு எண்டு பெரிய தட்டில போடுவினம், ரெஸ்ரோரன்ட் விலையில பாதி, கொஞ்சம் கூட வரும், ஆனா ஒரு தட்டை ரெண்டு பேர் பகிரலாம், மேலதிகமா ஒரு ரொட்டி மட்டும் சொல்லுங்கோ. எத்தினை தரம் போனாலும் நான் அங்கதான் போவன்.

மாடு சாப்பிடாத ஆக்கள் ஒரு விஷயத்தில கவனமா இருக்கோணும். கெபாப் எண்டு சும்மா கேட்டா அங்க பெரும்பாலும் மாட்டிறைச்சி சேந்ததுதான் வரும். கோழி வேணும் எண்டா சில்லிங் எண்டு கேளுங்கோ. ஸ்தூர்ஃபே, ஒக்சே, பிஃப் எண்டு எழுதியிருந்தா மாடு, ஸ்வீன் எண்டா பண்டி, லாம் செம்மறி, ஃபிஸ்க் மீன். இதை ஒரு துண்டில எழுதி பேர்சுக்குள்ள வச்சிருங்கோ. ரோட்டோரத்தில விக்கிற பொல்ஸ எண்ட சொசேஜ் மலிவு, உருளைக்கிழங்கு ரொட்டிக்குள்ள சுத்தித் தருவினம், ஆனா அது பண்டியோ மாடோதான் கூட, உங்களுக்குச் சரிவராது.

சில கடையில ஒரே சாப்பாட்டுக்கு ரெண்டு விலை போட்டிருக்கும். இருந்து சாப்பிட்டா வரி 25 வீதம், கட்டிக்கொண்டு போனா 15 வீதம், அதுதான் காரணம். ஆனியில இரவு 10 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், கட்டிக்கொண்டு போய் ஒரு பார்க்கில இருந்து சாப்பிடலாம். ரிப்ஸ் குடுக்கோணும் எண்டு கட்டாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய சுப்பர்மார்க்கெற் எல்லாம் பூட்டு, இதை மறந்தீங்கள் எண்டா விலை கூடின சின்னக் கடையிலதான் போய் நிக்கோணும், சனிக்கிழமையே பாணும் முட்டையும் வாங்கி வையுங்கோ. மிஞ்சின சாப்பாட்டை மலிவா விக்கிற ரூ குட் ரூ கோ எண்ட அப் ஒண்டு இருக்கு, பெறாமகள் சொல்லுவா, ஆனா அதில என்ன வரும் எண்டு முன்னமே தெரியாது, எடுக்கிற நேரமும் அவைதான் சொல்லுவினம், சேர்ர நிலைமைக்கு அதை நம்பி இருக்காதேங்கோ.

இவ்வளவு மிச்சம் பிடிச்சா ஒரு நாள் மனசாரச் செலவழிக்கோணும். நோபல் சமாதானப் பரிசு குடுக்கிற அந்தச் செங்கல் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால கடல், அங்க றால் வள்ளம் வந்து கட்டியிருக்கும், எப்பவும் நிக்கும் எண்டில்லை, காலமை போய்ப் பாருங்கோ. கடல்ல வச்சே வள்ளத்தில அவிச்ச றால், கோதோட, ரோஸ் நிறம். நானும் அண்ணாவும் அரைக் கிலோ வாங்கி அந்தக் கல்லுக் கட்டில இருந்து உரிச்சு உரிச்சுச் சாப்பிட்டம். எங்கட குருநகர் றாலை விடச் சின்னன், ஆனா குளிர்கடல் எண்டபடியா ஒரு இனிப்பு இருக்கு, உப்பு மட்டாத்தான் இருந்தது, மேல எலுமிச்சம்புளி விட்டா வேற ஒண்டும் தேவையில்லை. கோது ஒரு பேப்பர் பைக்குள்ள, கடற்காகம் ரெண்டு காலடியில வந்து நிண்டு பாத்துக்கொண்டு. அண்ணா 1987ல போனவர், கனகாலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் ரெண்டு பேரும் பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைச்சனாங்கள்.

கேள்வி (ஒரு வாசகர், நல்லூர்): அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். வெள்ளிக்கிழமை சைவம், முட்டையும் கூடாது. ஒஸ்லோவில வெளியில என்ன வாங்கிக் குடுக்கலாம்?

பதில்: வெகெத்தார் எண்டு எழுதியிருந்தா இறைச்சி மீன் இல்லை, ஆனா முட்டை, பால் இருக்கலாம். வெகான்ஸ்க் எண்டு இருந்தா முட்டையும் இல்லை பாலும் இல்லை, அதை எடுத்தா யோசிக்கத் தேவையில்லை. பக்கெற்றில சேர்மானம் எழுதேக்க முட்டை, பால், மீன் மாதிரி ஒவ்வாமை வாற சாமானுகளைத் தடிச்ச எழுத்தில போடோணும் எண்டு சட்டம், எக் எண்டு தடிப்பா இருந்தா முட்டை. குரோன்லாண்டில ஃபலாபல் எண்டு கடலை அரைச்சுப் பொரிச்ச வடை மாதிரி ஒண்டு கிடைக்கும், பெரும்பாலும் கடலை, வெங்காயம், கொத்தமல்லிதான், ஆனா மேல விடுற வெள்ளைச் சோஸ் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அம்மா பேக்கரியில தேங்காய்ப்பூப் போட்ட பணிஸ் கண்டு ஆசைப்படுவா, ஸ்கூலபொல்ல எண்டு பேர், நடுவில இருக்கிற மஞ்சள் கஸ்ரட்டில முட்டை இருக்கும், வெள்ளிக்கிழமை காட்டாதேங்கோ, சனிக்கிழமை வாங்கிக் குடுங்கோ.

அமெரூட்டில எங்கட முருகன் கோயில் இருக்கு, ரி-பானவில போகலாம், திருவிழா நாளோட உங்கட பயணம் சேருதோ எண்டு அங்க இருக்கிற சொந்தக்காரரைக் கேளுங்கோ. அல்னாபுரூவில சீக்கியரின்ர குருத்வாரா இருக்கு, ஆர் போனாலும் சைவச் சாப்பாடு குடுக்கிறது அவையின்ர வழக்கம், தலையை மூடிக்கொண்டு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, கும்பிட்டிட்டுச் சாப்பிடோணும். அதை மலிவுச் சாப்பாட்டுக் கடை மாதிரி நினைச்சு ஒவ்வொரு நாளும் போறது முறையில்லை, போனா உண்டியல்ல ஏதும் போட்டிட்டு வாங்கோ.

கேள்வி (ஒரு வாசகி, சாவகச்சேரி): ஒஸ்லோவில இருக்கிற தங்கச்சி குடும்பம் எங்களைச் செலவழிக்கவே விடமாட்டினம். வெறுங்கையோட போக மனமில்லை. சாப்பாட்டுச் சாமான் என்ன கொண்டுபோகலாம்?

பதில்: இறைச்சி, பால் சாமான் ஒண்டும் கொண்டுபோகேலாது, ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து போற ஆக்களுக்குத் தடை. நெய்யும் பால்மாவும் அதுக்குள்ளதான் வரும், கனபேர் நெய்ப் போத்திலோட போய் எயார்போட்டில குடுத்திட்டு வந்தவை. வறுத்து இடிச்ச கறித்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், நெய் விடாமல் பிடிச்ச பயத்தம் உருண்டை, இதுகளைக் கட்டுங்கோ. அங்க போனபிறகு ரெண்டு நாள் சமையலை நீங்கள் எடுத்துச் செய்யுங்கோ, காலமை 6 மணிக்கு வேலைக்கு ஓடுற பிள்ளையளுக்கு வீட்டுக்கு வரேக்க ஒடியல் கூழ் சூடா இருந்தா, நீங்கள் குடுக்கிற எந்தக் காசையும் விட அதுக்குத்தான் சந்தோசப்படுவினம். கூழுக்கு மீன் ஊரில இருந்து தேவையில்லை, கிவியில ஐஸ்ல வச்ச கொட் மீன் ஒரு பக்கெற் போதும், றாலும் அங்க இருக்கு, பலாக்கொட்டைக்கும் பயித்தங்காய்க்கும் குரோன்லாண்டில ஒரு சுத்துச் சுத்திப் பாருங்கோ.