ஆசை வற்றிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 39. திருமணமாகி 16 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் ஒருநாளும் கைநீட்டியதில்லை. ஆனால் குழம்பில் உப்புக் கூடினாலும் வாரக்கணக்கில் பேசமாட்டார். என் சம்பளத்தின் ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான் இருக்கிறது. என் போனையும் தினமும் பார்ப்பார். பேசாத நாட்களிலும் இரவில் மட்டும் நெருங்குவார். மறுத்தால் மௌனம் இன்னும் நீளும் என்று இணங்கிவிடுகிறேன். தெருமுனையில் அவருடைய பைக் சத்தம் கேட்டாலே என் கையில் தோசைக்கரண்டி நின்றுவிடுகிறது. எனக்கு ஆசை என்பதே வற்றிவிட்டது என்றிருந்தேன். சென்ற மாதம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர் "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டது இரண்டு நாட்களாக மனத்தைவிட்டு அகலவில்லை. நான் கெட்டவளா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: அன்புச் சகோதரி, இல்லை. சாப்பிட்டாயா என்ற ஒரு கேள்விக்கு 16 ஆண்டுகள் காத்திருந்த மனம் உங்களுடையது. அது அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அதற்காக அந்த மனிதரிடம் உடனே எதையும் தேடிப் போகவேண்டாம். நீங்கள் ஏங்குவது அவருக்காகவா, அந்தக் கனிவுக்காகவா என்பது உங்களுக்கே தெளியக் கொஞ்ச காலம் ஆகும்.

ஆசை குறைவதற்குத் தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எனப் பல காரணங்கள் உண்டு; ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். ஆனால் முக்கியமான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பைக் சத்தத்துக்குக் கரண்டி நின்றுபோகும் உடம்பு, எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்திருக்கும் உடம்பு; அது அதே மனிதரின் அருகில் இரவில் மட்டும் எப்படி இளகும்?

ஊரில் இதைக் 'கோபக்காரர்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அப்படி முடிக்கவில்லை. அடிப்பது மட்டுமன்றி, மனத்தை வதைப்பதும், பணத்தைக் கைப்பற்றி வைப்பதும், பாலியல் ரீதியாக இழிவுபடுத்துவதும் வன்முறையே என்கிறது அதன் 3ஆம் பிரிவு. வயதுவந்த மனைவியைக் கணவன் வற்புறுத்தி உறவுகொள்வதை நம் குற்றவியல் சட்டம் இன்றும் வல்லுறவாகக் கருதுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். ஆனாலும் இந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீங்கள் பாதுகாப்புக் கோரலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெண் என்ற முறையில், வருமானம் எதுவானாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

கார்டைத் திரும்பக் கேட்டு உடனே சண்டையில் இறங்காதீர்கள். முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசி, இந்தச் சட்டத்தின்கீழ் பெண்களுக்கு உதவ நியமிக்கப்பட்டிருக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைச் சந்திக்க வழி கேளுங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பதால் அதிலிருந்து அழைக்கவேண்டாம். அலுவலகத் தொலைபேசியிலிருந்தோ, நம்பிக்கையான தோழியின் போனிலிருந்தோ பேசுங்கள்.