அடுத்த வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொள்ள மகளை அனுப்பலாமா?

பிளஸ் டூ தேர்வு முடித்த பெண், விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பூனைகளைப் பார்த்துக்கொண்டு காசு சம்பாதிக்கட்டுமா, இது என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். சென்னை அடுக்ககங்களில் பூனை வளர்ப்பவர்கள் மே மாதம் ஊருக்குப் போகும்போது திண்டாடுவது இதற்குத்தான். இடம் மாறினால் சில பூனைகள் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். அதனால் காலையும் மாலையும் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆளைத் தேடுகிறார்கள்.

உங்கள் கவலை சாவியைப் பற்றி இருக்கட்டும். அவள் கையில் வருவது அடுத்தவர் வீட்டுச் சாவி. முதல் வேலை உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில், அதே குடியிருப்பில் அமைவது நல்லது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். "நம்ம பொண்ணுதானே, பார்த்துச் செய்யறேன்" என்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு முடித்துக்கொள்வார்கள். பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த டாக்டர், செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

சோறு வைப்பது சுலபம். கவனம் வேண்டியது மணல் தட்டில். ஆண் பூனை அதில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்கு அது விஷம். கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காமல் விட்டுவிட வேண்டும், இழுத்தால்தான் பிறாண்டும். பிறாண்டினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். வளர்ப்புப் பூனைதானே என்று விடாதீர்கள்.

வருமானத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். விடுமுறை முடிந்தால் வேலையும் முடிந்தது.

கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பி.வி.எஸ்ஸி. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். ஆனால் அந்தப் படிப்பில் மாடு, ஆடு, கோழி எல்லாம் படிக்க வேண்டும். பூனை அதில் ஒரு பங்குதான். விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் காலையில் அவளை அரசு கால்நடை மருந்தகம் ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள், ஊர்ப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. சினை மாட்டைப் பரிசோதிக்கிற டாக்டரின் கை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், விண்ணப்பத்தைப் போடலாம்.