சுபின் மேத்தா டாக்டருக்குப் படிப்பதை விட்டுவிட்டு இசைக்கு வந்தவரா?

ஆமாம், உண்மைதான். ஆர்க்கெஸ்ட்ரா எனும் பெரிய இசைக்குழுவைக் கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநரான இவர், 1936-இல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், பம்பாயில் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கியவர், அதனால் வீட்டில் எந்நேரமும் இசைதான். மருத்துவப் படிப்பில் மனம் ஒட்டவில்லை, 18 வயதில் வியன்னாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் இசை நடத்தும் பாடம். எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் அப்போது நடந்ததுதான். பெரிய இசை நடத்துநர்களின் ஒத்திகையை வெளியாள் உட்கார்ந்து பார்க்க முடியாது. சரி, உள்ளே போக என்ன வழி? அவரும் உடன் படித்த கிளாடியோ அப்பாடோவும் சேர்ந்திசைக் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள்! அடிக்குரல் வரிசையில் நின்று பாடியபடியே, புரூனோ வால்டரும் கராயனும் எந்த இடத்தில் கையை உயர்த்துகிறார்கள், ஒரு பார்வையில் யாரை அடக்குகிறார்கள் என்று நேருக்கு நேர் பார்த்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் முதுகுப் பக்கம் நின்றால்தானே நடத்துநரின் முகம் தெரியும்? அரங்கில் டிக்கெட் வாங்கி உட்காருபவருக்கு அவர் முதுகு மட்டும்தான்.

அப்புறம் எல்லாமே வேகம். 1958-இல் லிவர்பூலில் நடந்த இசை நடத்துநர் போட்டியில் முதல் பரிசு, தொடர்ந்து மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ் ஆர்க்கெஸ்ட்ராக்களில் பொறுப்பு, 1978 முதல் 13 ஆண்டுகள் நியூயார்க்கில். இஸ்ரேல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு அரை நூற்றாண்டு உறவு, 2019-இல்தான் அங்கே பொறுப்பிலிருந்து விலகினார். ஆனாலும் என் மனதில் நிற்பது 1994-இல் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் நடந்ததுதான். போரில் எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் நின்று மொஸார்ட்டின் இரங்கல் இசையை அவர் நடத்தினார்.