உண்ணி குடித்த ரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு நாயிடமிருந்து உண்ணி ஒன்று, 8 வயது மகனின் காதுக்குப் பின்னால் ஏறி ஒட்டிக்கொண்டது. பார்த்ததும் பிய்த்துப் போட்டுவிட்டேன். நாயின் மேல் இருப்பவை ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கிடக்கின்றன. இவ்வளவு ரத்தம் குடித்தும் அது எப்படி வெடிக்காமல் இருக்கிறது? குடித்த ரத்தம் கெட்டு, மகன் உடம்புக்கே திரும்பியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. - வாசகி, ஓசூர்

பதில்: கெட்ட ரத்தத்தை நினைத்துப் பயப்படாதீர்கள், அம்மா. உண்ணியிடமிருந்து நம் உடம்புக்குள் வருவது அதன் உமிழ்நீர். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நாய் உண்ணியில் பெண் உண்ணி ஒரே இடத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் ஒட்டியிருக்கும். முதல் சில நாள் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதற்குள் அதன் தோல் வளர்ந்து, விரிய இடம் செய்துகொள்ளும். கடைசி ஒரு நாளில்தான் மளமளவென்று உறிஞ்சி உப்பிவிடும். நாம் பார்ப்பது அந்த உருவத்தை. உண்மையில் அது குடித்தது இன்னும் அதிகம். ரத்தத்திலுள்ள நீரையும் உப்பையும் பிரித்து, உமிழ்நீராகக் கடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடும். நீரில் சுமார் 70 சதவீதம் இப்படி வெளியேறிவிடுவதால், வயிற்றில் தங்குவது சுண்டிய ரத்தம்தான்.

கொசு, குடித்த ரத்தத்தைக் குடலின் உள்வெளியில் நொதிகளைக் கொட்டி இரண்டு மூன்று நாளில் செரித்து முடித்துவிடும். உண்ணிக்கு அந்த அவசரமில்லை. அதன் குடலில் சிவப்பணுக்கள் உடையும். வெளிவரும் ஹீமோகுளோபினைக் குடற்சுவரின் செல்கள் சிறுகச் சிறுக உள்ளே இழுத்து, தங்களுக்குள் இருக்கும் அமிலப் பைகளில் வைத்துச் செரிக்கும். ஹீமோகுளோபினில் உள்ள இரும்புச் சத்துப் பகுதியான ஹீம், அளவு மீறினால் உண்ணிக்கே நஞ்சு. அதைச் சிதைக்கவும் தெரியாது, சொந்தமாகத் தயாரிக்கவும் தெரியாது. முட்டைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செல்லுக்குள்ளேயே பொட்டலம் கட்டிப் பூட்டிவிடும். கெட்டிக்காரப் பூச்சிதான்! செரித்ததெல்லாம் ஆயிரக்கணக்கான முட்டைகளாகும். முட்டையிட்டதும் தாய் உண்ணி செத்துவிடும்.

இந்த நிதானத்தில்தான் நமக்குச் சிக்கல். குடலின் உள்வெளியில் கடுமையான நொதிகள் இல்லாததால், ரத்தத்தோடு போன கிருமிகள் சாகாமல் பிழைத்து, உமிழ்நீர்ச் சுரப்பிவரை போய்ச் சேருகின்றன. நம் ஊர் நாய் உண்ணி பரப்பும் ரிக்கெட்ஸியா காய்ச்சல் அப்படி வருவதுதான்.

நீங்கள் உடனே எடுத்துவிட்டது நல்லது. இனி எடுக்க நேர்ந்தால் வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், ஊதுபத்தி நெருப்பு, நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். எரிச்சலூட்டினால் அது இன்னும் உமிழக்கூடும். எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கமும் கூடாது, ஸ்பிரிட்டில் போட்டுவிடுங்கள். கடித்த இடத்தில் சின்னக் கறுப்புத் துண்டு மிஞ்சியிருந்தால் ஊசியால் நோண்ட வேண்டாம், தானாக வந்துவிடும்.

மகனுக்கு இப்போது மாத்திரை தேவையில்லை. இரண்டு வாரம் கவனியுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, உள்ளங்கை உள்ளங்காலில்கூடச் சிவப்புத் தடிப்பு, கடித்த இடத்தில் கருகிய புண் - இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். போனதும் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்றுதான் முதலில் தேடுவார்கள். ரிக்கெட்ஸியா காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் காலத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இந்தக் காய்ச்சலுக்கு அதைக் குழந்தைகளுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

ஓசூர் எல்லை ஊர் என்பதால் குரங்குக் காய்ச்சல் நினைவுக்கு வரலாம். 1957-இல் கர்நாடகத்தின் ஷிவமொக்கா பகுதியில் கண்டறியப்பட்ட அதைப் பரப்புவது காட்டு உண்ணி. வீட்டு நாயின் உண்ணி வேறு இனம்.

நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உண்ணி மருந்து வாங்குங்கள். அது படுக்கும் இடத்தில் சுவர் விரிசல்களைப் பாருங்கள். சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது உண்ணியின் கழிவு. முட்டைகளும் அங்கேதான் இருக்கும். விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால், அடுத்த கூட்டம் ஏறிவிடும்.